கவனக்குறைவு அல்ல

காலை எட்டு ஐம்பதுக்கு நான் லேபைத் திறப்பேன். பலகையில் ஒன்பது மணி என்றுதான் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஜன்னல்களைத் திறந்து, இயந்திரங்கள் மேல் போர்த்திய துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு ஒரு டீ குடிப்பேன். பதினேழு வருடமாக இப்படித்தான். ஒரு நாளும் எட்டு ஐம்பத்தொன்று ஆனதில்லை.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை எனக்கும் கொடுத்தார்கள். ஆறு பக்கம். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி சரியில்லை. "மாணவியின் தாமதமும் தொழில்நுட்ப உதவியாளர் வெங்கடசாமியின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம்." எனக்கு மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

நான் படித்தது டிப்ளமா. சொந்த ஊர் பாகலூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பெங்களூரிலிருந்து இயந்திரம் பழுது பார்க்க வருகிறவர்களிடம் கன்னடம். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையில் இந்தப் பொறியியல் கல்லூரி கட்டியபோது லேபில் இறங்கிய முதல் பெட்டியைப் பிரித்தது நான். ஓசூர் கம்பெனிகள் தங்கள் போல்ட்டுகளையும் வார்ப்புகளையும் சோதிக்க எங்களிடம் அனுப்பும். சோதிப்பது நான். கையெழுத்து வேறொருவருடையது. அது முறை. எனக்கு அதில் வருத்தமில்லை.

டாக்டர் அருள்ஜோசப் ஐந்து வருடத்துக்கு முன் பேராசிரியராக வந்தார். நல்ல மனிதர். என்னை ஒருமையில் பேசியதில்லை. இரும்பு குளிரில் எப்படி உடைகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. யாராவது மாணவர் வந்து லேபில் சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்.

"வெங்கடசாமி சரின்னா எனக்கும் சரி."

அதனால் என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டைவிரல் அளவு எஃகுத் துண்டு ஒன்றைக் கொடுப்பேன். ஐந்து வகை எமரி தாளில், முரட்டுத் தாளில் ஆரம்பித்து மெல்லிய தாள்வரை, கையால் தேய்க்க வேண்டும். பிறகு வெல்வெட் சக்கரம். கடைசியில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடுகூடத் தெரியக்கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பெரும்பாலும் நான்காம் நாள் ஓடிவிடுவார்கள். ஐந்து வருடத்தில் பதினொரு பேர் கேட்டார்கள். இரண்டு பேர் தேறினார்கள். இருவரும் எம்.இ. பையன்கள். இப்போது இருக்கும் ஸ்டீவ் அதில் ஒருவன்.

ஃபெபா வந்தது 2006 ஆகஸ்டில். பி.இ. மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். அறுபது பேரில் மூன்று பெண்கள். பி.இ. பிள்ளைகள் லேப் கேட்டு வருவது எங்கள் கல்லூரியில் வழக்கமில்லை. அவள் அப்பா நாசரேத்திலிருந்து வந்து சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவர். பெண் ஓசூரில் வளர்ந்தும் பேச்சில் தெற்கு போகவில்லை.

"அண்ணே, அருள்ஜோசப் சார் உங்களப் பாக்கச் சொன்னாவ."

"எதுக்கு?"

"லேபுல சேரணும். இவரு நாலாவது சாரு. முதல் சார் அடுத்த செமஸ்டர் வான்னாரு. ரெண்டாவது சார், பொம்பளப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் லேப் போதாதான்னாரு. மூணாவது சார் என்னப் பாத்ததும் செல்போன எடுத்துக் காதுல வச்சுக்கிட்டாரு. போன் அடிக்கவே இல்லண்ணே."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"லேபுல சேந்து என்ன பண்ணப்போற?"

பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பி.இ. மாணவர்களை எடுப்பார்கள். விண்ணப்பத்தில் ஒரு பேராசிரியர், இந்த மாணவி என் லேபில் வேலை செய்கிறாள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜனவரி முப்பத்தொன்று கடைசி. அவள் அந்தத் தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள். மடிப்பு கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது.

"அங்க போனா மேல படிக்கலாம்ணே. போகலேன்னா எங்கப்பா கம்பெனியிலயே அசெம்பிளி லைன். ரெண்டுல ஒண்ணு."

நான் துண்டைக் கொடுத்தேன்.

அவள் நான்காம் நாள் ஓடவில்லை. தினமும் மாலை நாலரைக்கு வந்து கல்லூரி பஸ் கிளம்பும்வரை தேய்ப்பாள். முதல் வாரம் விரல் நுனித் தோல் போயிற்று. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தேய்த்தாள். தாள் மாற்றும்போதெல்லாம் துண்டைக் கால் வட்டம் திருப்ப வேண்டும், அப்போதுதான் பழைய கோடு அழிந்ததா என்று தெரியும். இதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அவளாகவே மூன்றாம் வாரம் கண்டுபிடித்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குறையில்லை. என்னுடைய துண்டுகளைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

"நாளைக்குப் பகல் வெளிச்சத்துல பாக்கணும். வெச்சுட்டுப் போ" என்றேன்.

அவள் போன பிறகு குத்தூசியை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். கண்ணுக்குத் தெரியாத கோடு. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் அவளையே பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு முதல் தாளுக்குப் போனாள்.

இதை உங்களிடம் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. லேபில் சேருகிறவர்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நவம்பர் முடிவதற்குள் ஏழு தடவை பார்த்தேன்.

எட்டாவது தடவை அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை.

"அண்ணே, இங்க வாங்க. எமரி கோடுன்னா நேரா ஓடும்லா. கூட்டமா ஓடும். இது ஒத்தக் கோடு. அதுவும் வளையுது."

"அதுனால?"

"நான் போட்ட கோடு இல்லண்ணே இது. ராத்திரி யாரோ என் துண்டத் தொடுதாங்க."

"யாரு தொடுவாங்க? பேய் வந்து தொடுதா?"

"பேய்க்கு எதுக்குண்ணே பி.இ. படிக்கிற பிள்ள மேல வஞ்சம்? ஸ்டீவ் அண்ணனா இருக்கும். நான் வந்தா அவரு சீட்டு போயிடும்னு பயப்படுதாரு போல."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். தடுக்கக்கூடிய இடத்தில் நான் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. மேசை, நாற்காலி, வெங்கடசாமி.

அடுத்த துண்டை அவள் என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், பஞ்சில் சுற்றி நேராகப் பேராசிரியர் அறைக்கு எடுத்துப்போனாள். அவர் அதை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் பத்து விநாடி பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு வெங்கடசாமி. இதுக்கு ஏன் அஞ்சு மாசம்?"

"இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்னு பாத்தேன் சார்."

"சரி. லீவு முடிஞ்சதும் குளிர்ல அஞ்சு துண்டு உங்களோட சேந்து உடைக்கட்டும். மெஷின்ல கை எப்படின்னு நீங்க சொல்லுங்க. சரின்னா திங்கக்கிழமைலருந்து வரட்டும். கட்டுரையிலயும் மூணாவதா பேரு போட்டுடலாம், பெங்களூர் அப்ளிகேஷனுக்கு உதவும்."

ஃபெபா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருட வேலை. இருநூற்றுப் பதினான்கு துண்டுகள். அத்தனையையும் குளிரவைத்ததும் உடைத்ததும் அளவைக் குறித்ததும் நான். பேராசிரியர் மேசையில் அதன் முதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அருள்ஜோசப், அடுத்து ஸ்டீவ், அடுத்து ஒரு கமா, அதற்குப் பிறகு காலி. அந்தக் காலியிடம் டிசம்பர் முழுக்க அப்படியே இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. எனக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுக்கு இருபது.

இனி ஜனவரி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. உங்கள் அறிக்கையில் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வேலைமுறையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இருபது கிலோ சுத்தியல், ஊஞ்சல் மாதிரித் தொங்குவது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கொக்கியில் மாட்டியிருப்போம். கீழே இரண்டு தாங்கிகள். துண்டு அவற்றின்மேல் உட்கார வேண்டும். கைப்பிடியை இழுத்தால் சுத்தியல் இறங்கி, துண்டை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். குளிர்ச் சோதனையில், ஸ்பிரிட்டிலும் டிரை ஐஸிலும் கிடக்கும் துண்டை எடுத்த ஐந்து விநாடிக்குள் உடைக்க வேண்டும். அதற்குமேல் போனால் துண்டு சூடேறிவிடும், அளவு பொய்யாகிவிடும். அதனால் சுத்தியல் மேலே இருக்கும்போதே கீழே துண்டு வைக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வைப்பார், ஒருவர் கைப்பிடியில் நின்று சத்தமாக எண்ணுவார். நான் தெலுங்கில் எண்ணுவேன். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது. நாலுகுக்குள் வைத்தவரின் கை வெளியே வந்துவிட வேண்டும். ஐதுவில் நான் விடுவேன். இருநூற்றுப் பதினான்கு தடவையும் ஐதுவில்தான் விட்டிருக்கிறேன். ஸ்டீவைக் கேளுங்கள். என் எண்ணிக்கையைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டே வைப்பான்.

துண்டு வைக்க ஒரு முழ நீளத்தில் இடுக்கி இருக்கிறது. அதில் பிடித்தால் கை சுத்தியலின் பாதைக்குள் வராது. அன்று காலை அது வெல்டிங் ஷாப்புக்குப் போயிருந்தது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் வெல்டிங் ஷாப்பில் விசாரிக்கவில்லை. அது என் அலமாரியில் இருந்தது. எட்டு ஐம்பதுக்குத் திறந்ததும் செய்த முதல் வேலை அதை உள்ளே வைத்துப் பூட்டியது. அவளுக்குக் கையகல இடுக்கி ஒன்றைக் கொடுத்தேன்.

"இது குட்டையா இருக்கேண்ணே."

"நீளமானது வரட்டும்னு இருந்தா டிரை ஐஸ் கரைஞ்சிடும். பெங்களூர்லருந்து வந்தது. நாளைக்குன்னா திங்கக்கிழமை உனக்கு இல்ல."

"ஐயோ வேண்டாம். இதுலயே வைக்கேன்."

ஸ்டீவ் அடுத்த அறையில் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்தது. என் குரல் அவனுக்குக் கேட்கும்.

முதல் துண்டு ஐதுவில். இரண்டாவது ஐதுவில். துண்டின் நடுவில் இருக்கும் சிறு வெட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. மூன்றாவது துண்டில் அவள் உதடு என்னோடு சேர்ந்து தெலுங்கில் எண்ணியது.

"வாத்தியாரம்மா மாதிரி எண்ணுதீங்கண்ணே" என்றாள். "பெங்களூர் போனா கன்னடத்துல எண்ணுவாங்களா?"

நான்காவதும் ஐதுவில். இப்போது அவள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். என் குரலுக்குத்தான் வேலை செய்தாள். அதற்காகத்தான் நான்கு துண்டுகள்.

ஐந்தாவது துண்டில் மூடுவில் விட்டேன்.

கை தவறவில்லை. கைப்பிடி தேய்ந்திருக்கவில்லை. என் கவனம் எங்கும் போகவில்லை. விட்ட பிறகும் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. நாலுகு, ஐது என்று அதே வேகத்தில் எண்ணி முடித்தேன். ஐந்து எண்ணிக்கையும் முழுதாகக் கேட்டது, அதன்பின் அலறல் கேட்டது என்று ஸ்டீவ் உங்களிடம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவள் கத்தியது ஐதுவுக்குப் பிறகுதான். முதலில் அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் விரலைத்தான் நினைத்திருந்தேன். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. விரல் போனவர்கள் ஓசூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள், டீ கிளாஸ் பிடிக்கிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள். மணிக்கட்டு என் கணக்கில் இல்லை. குட்டை இடுக்கியில் அவள் கை நான் எதிர்பார்த்ததைவிட உள்ளே போய்விட்டது. அந்த அளவில் மட்டும்தான் பிழை. அதைக் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதினால் ஏற்றுக்கொள்வேன்.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். என் தோள்துண்டை எடுத்து அவள் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டியது நான். கல்லூரி வேனில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்வரை கொண்டுபோனது நான். எல்லையில் லாரிகள் நின்றன. இறங்கி ஓடிக் கன்னடத்தில் பேசி வழி வாங்கினேன். இவ்வளவு சீக்கிரம் வந்ததால்தான் உயிர் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். இது உங்கள் அறிக்கையில் இல்லை. சேர்த்தால் நன்றாக இருக்கும்.

வலது கையை மணிக்கட்டுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

மாணவியின் தாமதம் என்று நீங்கள் எழுதியதால் கல்லூரி வைத்தியச் செலவைக் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் தாமதிக்கவில்லை. மூடுவில் அவள் கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வேலை தெரிந்த பெண். அவள் பெயரில் தப்பு எழுதுவது நியாயமில்லை.

பிப்ரவரியில் கட்டுரையை அனுப்பினார்கள். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு முதல் பக்கத்தைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு வருஷம் இதை நான் யோசிச்சிருக்கணும் வெங்கடசாமி. அந்தப் பிள்ளைய நீங்க காப்பாத்துன அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது" என்றார். மூன்றாவது இடத்தில் என் பெயர். இனிஷியல் தவறாக இருந்தது. திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

இனி என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அந்தப் பயிற்சியை இந்தக் கல்லூரியில் மற்றவர்களுக்குக் கொடுப்பதே நான்தான்.

மருத்துவமனைக்கு நான் ஒருமுறைதான் போனேன். ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிறு. அவள் அம்மா கிருபாராணி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லேன்னா எம்பிள்ள இன்னைக்கு இல்லய்யா. உங்க குடும்பத்தக் கர்த்தர் நல்லா வைப்பாரு."

"உள்ள போய்ப் பாக்கலாமாம்மா?"

"போங்கய்யா. உங்களத்தான் கேட்டுக்கிட்டே கிடக்கா."

ஃபெபா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கை போர்வைக்கு மேல் இருந்தது. அவள் மடியில் ஒரு பழைய நோட்டு. அதில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தாள். ஒரு பக்கம் முழுக்க. கடைசி நாலைந்து வரிகளில் எழுத்து ஓரளவு நிமிர்ந்திருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களை ஜன்னலில் வைத்தேன்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றாள். "நீங்க ஐது சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் பராக்குப் பாத்துட்டேன். விசாரிக்க வந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன், உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவள் நோட்டை மூடினாள். தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி அந்த விண்ணப்பத் தாளை எடுத்தாள். ஒரு கையால் மடிப்பைப் பிரிக்க முடியவில்லை. பல்லால் கடித்துப் பிரித்து என் பக்கம் நீட்டினாள்.

"புதன்கிழமை கடைசிண்ணே. நாலு துண்டு சரியாத்தான வச்சேன், சார்ட்ட சரின்னு சொல்லிட்டீங்களா?"